இரண்டு கிராம் இழுவிசை

ஐந்தரை மணிக்குக் காசிம் பாய் கடையில்
முதல் ஆடு கொக்கியேறும்போது
ஃபிளாஸ்க்கோடு நிற்பேன்.
கறி வேண்டாமல் குழாய் மட்டும் கேட்கும் பெண்ணுக்கு
வரிசை கொஞ்சம் விலகி வழிவிடும்.
"குடலை ஒட்டி ஓடுமே, அதானே?"
அவருக்கு அதன் லத்தீன் பெயர் தேவைப்பட்டதில்லை,
கத்திக்குத் தெரியும்.
காசு வாங்கமாட்டார்.
"மருந்து கண்டுபிடிச்சா மொத ஆளு நான்தான்.
நூத்தி எழுபது காட்டுது."

பனிக்கட்டிக்கு நடுவே குழாய்.
செக்காலை ரோட்டின் பள்ளங்களில்
ஸ்கூட்டியை மெல்ல இறக்குவேன்.
ஆடு செத்துவிட்டது.
குழாய்க்கு இன்னும் சேதி போகவில்லை.
மாலைவரை போகாமல் பார்த்துக்கொள்வதுதான்
என் வேலை.

சம்பை ஊற்றுத் தண்ணீரை ஊரே மெச்சும்,
இதற்கு ஆகாது.
இருமுறை வடித்த நீரில்
உப்பும் குளுக்கோஸும் நிறுத்துப் போட்டு
இதுதான் உன் ரத்தம் என்று
நம்பவைக்க வேண்டும்.
முப்பத்தேழு டிகிரி.
அடியிலிருந்து ஆக்ஸிஜன் குமிழிகள்.
மூன்று மில்லிமீட்டர் வளையம்,
உள்ளே நுழைத்த இரண்டு கம்பிக் கொக்கிகள்,
இரண்டு கிராம் இழுவிசை.
பிறகு ஒரு மணி நேரம்
சும்மா உட்கார்ந்திருப்பது. கால் மணிக்கொருமுறை கழுவுவது.

ஃபினைலெஃப்ரின் ஒரு துளி.
திரையில் கோடு எழும், குழாய் தன்னை இறுக்கிக்கொள்கிறது.
அசிட்டைல்கோலின் ஒரு துளி.
கோடு இறங்கினால்
உள்ளுறை உயிரோடிருக்கிறது என்று பொருள்.
ஒற்றைச் செல் கனம்தான் அது.
சாமணத்தின் நுனி தெரியாமல் பட்டாலும் உரிந்துபோகும்.
அப்புறம் அதே துளி தளர்த்தாது.
என் கை நடுங்கிய நாட்களை
நோட்டில் தனியாகக் குறித்திருக்கிறேன்.

குன்றக்குடி சாலையோரம் பறித்த நெருஞ்சில்
(செருப்பில் ஏறியது போக மிச்சம்),
அரைத்து, ஆல்கஹாலில் ஊறவைத்து, வடிகட்டி,
இறுகிய குழாயின் மேல்
சொட்டுச் சொட்டாய்.
கோடு படிப்படியாய் இறங்கிற்று.
மூன்று வாரம். பதினொரு ஆடு.
லீமா ரோஸ் மேடம்
சென்னைக் கருத்தரங்குக்குச் சுருக்கம் எழுதச் சொன்னார்.
நான் காசிம் பாயிடம் ஓடிச் சொன்னேன்.

வியாழக்கிழமை சாறு தீர்ந்துபோயிருந்தது.
"கேஸ் இன்னும் ஒரு மணி நேரம் தாங்கும்" என்றார்
லேபுக்குக் காவலிருக்கும் அடைக்கலம்.
ஒரு வளையம் மிச்சமிருந்தது.
வீணாக்குவானேன் என்று
நெருஞ்சில் இல்லாத வெறும் ஆல்கஹாலை
அதே அளவில் விட்டேன்.

அதே படிகள்.
அதே இடத்தில் அதே சறுக்கல்.

முதல் நாளே செய்திருக்க வேண்டிய சோதனை.
சிலிண்டர் மதுரையிலிருந்து வர வேண்டும்,
மிச்சம் பிடித்தேன்.
மேடம் இரண்டு வரைபடங்களையும்
ஒன்றன்மேல் ஒன்று வைத்து
சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.
கோடு ஒன்றுதான் தெரிந்தது.
"இதையும் எழுது" என்றார்.
வேறெதுவும் சொல்லவில்லை.

மறுநாள் ஐந்தரை.
"என்னம்மா, தளர்ந்துச்சா?"
தளர்ந்தது பாய், நெருஞ்சிலால் இல்லை.
கத்தியைத் துடைத்தபடி யோசித்தார்.
"நான் பத்து நாளா அந்தக் கஷாயம்தான்.
மாத்திரையை விட்டுட்டேன்.
நீதானே சொன்னே."

தப்பான வளையத்தைக்
கழுவி ஊற்றிவிடலாம்.
வரிசையில் யாரோ "அரைக் கிலோ" என்றார்கள்.
ஃபிளாஸ்க்கைக் கீழே வைத்தேன்.
"இன்னிக்குக் குழாய் வேணாம்.
மாத்திரை எங்க?"

கல்லாப்பெட்டியைத் திறந்தார்.
சில்லறைக்கு அடியில் கிடந்தது அட்டை,
பத்தும் உடைபடாமல்.