வடக்கெல்லை

எங்கள் மனைக்குப் பத்திரம் கிடையாது.
வரி ரசீது இருக்கிறது. கரண்டு அட்டை இருக்கிறது.
தண்ணீர்க் குழாய்க்கு அப்பா முன்பணம் கட்டிய
எண்ணெய்க் கறைச் சீட்டு ஒன்று இருக்கிறது.
‘மூலப் பத்திரம் எங்கே?’ என்றார் வங்கி மேலாளர்,
மூலத்தை அழுத்தி,
வியாதியைச் சொல்வதுபோல.

துறைமுகத்து ஐஸ் கம்பெனியில் கணக்கெழுதுகிறவள் நான்.
காணாமற்போன சரக்கை
பக்கத்துச் சரக்கின் கணக்கில் தேடத் தெரியும்.
அதனால் மஞ்சக்குப்பம் பதிவு அலுவலகத்தில்
அடுத்த வீட்டுக்கு நகல் மனு போட்டேன்.

மூன்று செவ்வாய்க்கிழமை.
ஒருநாள் சர்வர் இல்லை. ஒருநாள் எழுத்தர் இல்லை.
பிறகு இரண்டும் இருந்தன,
பழைய கையெழுத்தைப் படிக்க ஆளில்லை.
நானே படித்தேன்:
புள்ளி வைக்காமல் ஓடும் மெய்கள்,
ரகரம் எது, கால் எது,
வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால்தான் பிடிபடும்.

சர்வசித்து வருஷம் ஆனி மாதம். 1887.
முதுநகர் சுண்ணாம்புக்காரத் தெருவில்
ஏகாம்பரம் குமாரன் தில்லைகோவிந்தன்
கிரயம் வாங்கிய மனை.
‘இதற்குச் செக்குபந்தி:
கிழக்கில் தெரு.
மேற்கில் உப்பனாற்று வாய்க்கால்.
தெற்கில் சத்திரத்துத் தோட்டம், எல்லைக்கல்.
வடக்கில் சின்னக்கண்ணு மனையும் காளவாயும்.’

சின்னக்கண்ணு.
எங்கள் வீட்டில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.
ஆடிப் படையலில் யாருக்கென்று தெரியாமல்
ஒரு வேட்டி வைப்போம்,
ஒருவேளை அது அவருக்காக இருக்கலாம்.
எதையும் வாங்கவில்லை, விற்கவில்லை,
கைநாட்டுக்கூட வைக்கவில்லை.
இன்னொருவன் வாங்கிய நாளில்
வடக்குப் பக்கம் கிளிஞ்சல் சுட்டுக்கொண்டு
இருந்திருக்கிறார், அவ்வளவுதான்.

சுபகிருது வருஷம், 1902, பாகப் பத்திரம்.
‘வடக்கில் சின்னக்கண்ணு வகையறா மனை.’
காளவாய் போய்
வகையறா வந்திருக்கிறது.
எத்தனை பேர், ஆணா பெண்ணா, யார் மூத்தது,
எல்லாரும் நெருக்கியடித்து
அந்த ஒரு சொல்லுக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நள வருஷம், 1916, அடமானம்.
‘வடக்கில் உண்ணாமலை இருக்கும் குடிசை.’
மனை என்ற சொல்லே இல்லை.
உண்ணாமலை குடிசை என்றுமில்லை.
இருக்கும்.
எழுதியவன் கை தேர்ந்த கை.

கணக்குக்காரி கண் அப்புறம்தான் எண்களுக்குப் போனது.
அவர்கள் மனை தென்வடல்
41 அடி.
அடுத்ததில் 46.
கடைசியில் 52.
தெற்கே கல் நட்டிருக்கிறது, அசையவில்லை.
நடுவில் விற்றவரும் இல்லை, வாங்கியவரும் இல்லை.
கூட்டினேன், கழித்தேன்,
நகலின் பின்பக்கத்தில் இன்னொருமுறை கழித்தேன்.
பதினோரு அடி.

அந்தப் பதினோரு அடியில் இன்றைக்கு
சிவபாதம் அண்ணன் வீட்டுச் சமையலறை.

தானே புயலன்று எங்கள் கூரை பறந்தபோது
ஏழு பேரும் விடியவிடியக் கிடந்தது அங்கேதான்.
அண்ணி ரவை கிண்டிப் போட்டாள்.
அவள் புடவையைத்தான் நான் மாற்றிக்கொண்டேன்.
இருட்டில் தம்பி புரண்டு படுக்க
அம்மா அவன் முழங்காலில் தட்டினாள்:
‘அடுத்தவங்க வீடுடா, காலை நீட்டாதே.’

போன வாரம் அண்ணன் வீட்டை விற்கிறார் என்றார்கள்.
மகன் ஓசூரில் இருக்கிறான்,
இங்கே தனியாக என்ன செய்வது.
பத்திரம் எழுதுகிறவர் வாசலில் நின்று
பேனா மூடியைப் பல்லால் கழற்றி
‘வடக்கே யார் பேர்?’ என்று கேட்டார்.
நகல்கள் என் கைப்பையில்.
அண்ணன் எனக்கு டீ வாங்கி வைத்திருந்தார்,
சர்க்கரை இல்லாமல், ஞாபகமாய்.

‘சின்னக்கண்ணு வகையறா’ என்றேன்.
‘வகையறா எல்லாம் ஏறாதும்மா, கம்ப்யூட்டரு.
ஆள் பேரைச் சொல்லு.’
‘செங்கமலம்’ என்று சொல்லிவிட்டு
‘அளந்தாச்சா?’ என்று கேட்டேன்.

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை.
சமையலறைச் சுவரைப் பார்த்தார்.