நூறு வாட், ஆளில்லாத கொட்டகை

டார்ட்டுவில் நான்காவது மாடி.
கூரையில் கம்பி கட்டக்கூடாதென்று
குடியிருப்போர் சங்கம் கடிதம் போட்டிருக்கிறது,
இரண்டு முறை.
ஆகவே என் ரேடியோ ஹீயுமா தீவில்,
முந்நூறு கிலோமீட்டரும் ஒரு படகும் தாண்டி
ஏலத்தில் எடுத்த படகுக் கொட்டகையில்
தனியாக இருக்கிறது.

இங்கே சுட்டியை உருட்டினால்
அங்கே எண்கள் உருளும்.
இங்கே ஒரு சொடுக்கு,
அங்கே இருட்டில் ரிலே தட்டும்,
கையேட்டில் அப்படித்தான் இருக்கிறது.
நான் கேட்டதில்லை.

நடுவில் கால் நொடி.
மோர்ஸ் அடித்தால் என் விரலின் ஓசையே
செருப்பைத் தேடி நின்றுவிட்ட பிள்ளைபோல
பின்னால் ஓடிவரும்.
அதைக் கேட்டால் தடுமாறிவிடுவேன்.
விரலை மட்டும் நம்பப் பழகிக்கொண்டேன்.

ஜனவரியில் ஒரு செவ்வாய்.
அழைப்புக்குறியின் கடைசி எழுத்து, கடைசிக் கோடு.
அழுத்தியது போய்ச் சேர்ந்தது.
விட்டது சேரவில்லை.
திரை உறைந்துவிட்டது.
மூன்று நிமிடத்தில் தானாக அணைக்கும் காவல் கடிகாரத்தைக்
கோடையில் நானேதான் நிறுத்திவைத்தேன்,
பிறகு பார்த்துக்கொள்ளலாமென்று.
இப்போது அங்கே நூறு வாட்
முடியத் தெரியாத ஒரே 'டா'வாகப்
பால்டிக் கடல்மேல் கொட்டிக்கொண்டிருந்தது.

எண்டெல். பக்கத்து ஆட்டுப்பண்ணை.
ஒரே ஒரு முறை பேசியிருக்கிறேன், வேலியைப் பற்றி.
போனைக் காதில் வைத்தபடியே நடந்தார்.
பனி நொறுங்கியது.
தாழ்ப்பாள் உறைந்திருந்தது,
இரண்டு கெட்ட வார்த்தைக்குத் திறந்தது.
"பெட்டி கொதிக்குது. எதைப் பிடுங்கணும்?"
"சுவத்துல இருக்கிறதை. எல்லாத்தையும்."

பிடுங்கிவிட்டும் அவர் போகவில்லை.
"நவம்பர்ல ரெண்டு வாரம் திரும்பவே இல்லையே?"
"எது?"
"மேல இருக்கிறது.
காத்தே இல்லாத ராத்திரியில திரும்பும்.
ஏழு மணிக்கு மேற்கே.
அதைப் பார்த்துத்தான் ஆட்டுக்கு வைக்கோல் போடுவேன்.
நவம்பர்ல தெற்கையே பார்த்துக்கிட்டு நின்னுது.
யாருக்கோ உடம்பு சரியில்லைன்னு
இங்க பேசிக்கிட்டோம்."

வயிற்றில் தையல் போட்டிருந்தார்கள்.
அலுவலகத்தில்கூட விடுமுறை என்றுதான் சொல்லியிருந்தேன்.
ஜப்பான் வரை கேட்கும் என் குரலை
யார் யாரோ குறித்துவைத்திருக்கிறார்கள்,
தேதி, நேரம், ஓசையின் வலு.
என் மௌனத்தைக் குறித்துவைத்தது
வைக்கோல் வாசனையுள்ள ஒருவர்.

மறுநாள் இணைப்பு வந்தது.
செருகியைச் சொருகியவர் போனைப் பெட்டியருகே பிடித்தார்.
சொடுக்கினேன்.
டக்.
இவ்வளவுதானா, என்று சிரித்துவிட்டேன்.
"என்ன?" என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

காவல் கடிகாரம் மீண்டும் ஓடுகிறது.
சூரியன் கொந்தளித்து
எந்த அலைவரிசையிலும் ஈயாடாத நாளிலும்
ஏழு மணிக்கு மேற்கே திருப்பிவிடுகிறேன்.
பேசுவதற்கு இல்லை.
ஆடுகள் காத்திருக்கும்.