தொடர்ச்சிப் பிழை

பர்னபியில், முன்பு மெத்தைக் கிடங்காக இருந்த ஸ்டுடியோவில்
எனக்கு உடைப் பிரிவில் வேலை.
இந்த வாரக் கதையில் முகமூடி வீரர் உண்டு என்று
திங்கள் காலை சொன்னார்கள்.
செவ்வாய் இரவுக்குள் ஏழு ஜோடி இறக்கை.

வீரர் ஒருவர்தான், இரவு நாரை.
நடிகருக்கு ஒன்று, சண்டைக்காரருக்கு ஒன்று,
ஒளி சரிபார்க்க நிற்பவருக்கு ஒன்று,
தண்ணீரில் விழ, தீப்பற்ற, கிழிய
ஒவ்வொன்று.
ஏழாவது, தயாரிப்பாளர் மகனுக்குப் பிறந்தநாளாம்.

கதை இவ்வளவுதான்:
நகரத்து வீரர்கள் மூவர்
பேருந்துத் தடங்களைப் பங்கு போட்டுக் காவல் காக்கிறார்கள்.
பத்தொன்பதாம் தடம் யாருக்கு என்பதில் தகராறு.
ஒருவர் விடியலில் பிணமாகக் கிடக்கிறார்,
கையில் மாதாந்திரப் பயணச்சீட்டோடு.

எங்கள் துப்பறிவாளர் ஹாலிஸ்
எந்தக் கொலைக்கும் சூப் குடித்தபடிதான் வருவார்.
சாதாரணச் சட்டையில் நிற்கும் ஐந்து பேரைப் பார்த்துச் சொல்வார்:
"நாரை யாரென்று கண்டுபிடிக்க அலகு எதற்கு?
மூக்கு அரிக்கும்போது
நான்கு அங்குலம் தள்ளிக் காற்றைச் சொறிகிறாரே,
அவர்தான்."
பதினோரு முறை எடுத்தார்கள்.
பதினோரு கிண்ணம் சூப். எல்லாம் ஆறியது.

ஒளிக்கு நிற்பவர் டேரில் கோஸ்டியுக்.
சஸ்காட்சுவானில் கோதுமை எடை எழுதியவர்.
எட்டு வருடத்தில் அவர் முழங்கைகூடத் திரையில் வந்ததில்லை.
புதன் மதியம் டோனட் வாங்கக் கிங்ஸ்வே பக்கம் போனார்,
நாரையாகவே.
ஜிப் முதுகில். இறக்க நான் வேண்டும்.
நான் அலகு ஒட்டிக்கொண்டிருந்தேன்.

வெளியே மழை. இந்த ஊர் மழை நனைக்காது, நச்சரிக்கும்.
நிறுத்தத்தில் லிகயா என்ற செவிலியின் பையை
ஒரு பையன் பிடுங்கிக்கொண்டு ஓட,
"ஐயோ, யாராவது!" என்று அவள் கத்தினாள்.
யாரைக் கூப்பிடுகிறாள் என்று டேரில் திரும்பிப் பார்த்தாராம்.
பின்னால் யாரும் இல்லை.

ஓடினார்.
ஒரு கையில் டோனட். மறு கையில்
மிதிபடாமல் தூக்கிப் பிடித்த இறக்கை,
முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்ட மணப்பெண் மாதிரி.
பையன் திரும்பினான். பார்த்தான்.
சிரித்துவிட்டான்.
சிரித்துக்கொண்டே யாரால் வேகமாக ஓட முடியும்?
பையைப் போட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்தபடி சந்தில் மறைந்தான்.
நாரை சரியாக அங்கேயே வழுக்கி விழுந்தது.

அதிகாரி வந்தார். "பெயர்?"
"டேரில்."
"வேலை?"
கொஞ்சம் யோசித்து, "நிற்பது."
"முகமூடியைக் கழற்றுங்கள்."
"தனியாக முடியாதுங்க."
கழுத்தில் இஞ்சி டேப்போடு நான் ஓடிப்போய்,
சட்டத்தின் முன்னிலையில் ஜிப்பை இறக்கினேன்.

லிகயாவின் பையில் சூப் இருந்தது.
புளிப்பு வாசனை. ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.
குடுவை மூடியில் ஊற்றிக் கொடுத்தாள்.
கேமரா இல்லை, ஒளி இல்லை, மறுபடி எடுக்கச் சொல்ல ஆளும் இல்லை.
டேரில் ஊதி ஊதிக் குடித்தார்.

இடது முழங்காலில் கிழிசல், கட்டைவிரல் நீளம்.
கிழிய வேண்டிய உடை மட்டும்
கிழியாமல் கொக்கியில் தொங்கியது.
"விடு, தைக்காதே" என்றார் மேலாளர்,
"டேரில்தானே, திரையில் வரப்போவதில்லை."

அன்றிரவு எல்லோரும் போன பிறகு
மீதி ஆறையும் மேஜையில் விரித்தேன்.
இடது முழங்கால். கட்டைவிரல் நீளம்.
கத்தரி புதியது, சத்தமே வரவில்லை.

வியாழன் முதல் நாரை திரையில் பறந்தது.
தொடர்ச்சி பார்க்கும் வெரோனிக் ஏழையும் ஒப்பிட்டு
"பிழை இல்லை" என்று குறித்துக்கொண்டாள்.
ஒரு நூலை வைத்தே கொலையாளியைப் பிடிக்கும் ஹாலிஸ்
கடைசிக் காட்சி வரை குனிந்து பார்க்கவில்லை.

தயாரிப்பாளர் மகன் மட்டும்
கேக் வெட்டும்முன் முழங்காலைத் தடவிக் கேட்டானாம்:
இதில் யார் விழுந்தது?