மூன்றாம் வரி

கோப்பின் நெற்றியிலேயே எழுதியிருக்கிறது:
தொடாதே,
இது தானாக உண்டானது.

தானாக உண்டானதையெல்லாம்
தொடாமல் விட்டிருந்தால்
நான் தண்டர் பேக்கு வந்தே இருக்கமாட்டேன்.
தொட்டேன்.

கார்த்திகை. அல்கோமா தெரு.
நிலவறை ஹீட்டர் இருமிக்கொண்டிருந்த இரவு.
மூன்றாவதாக என் வரியைச் செருகினேன்:
எந்த கேர்னல், எந்த வட்டு,
திரை நடுங்காமலிருக்க ஒரு சொல்.
பெயரைத் தமிழில் வைத்தேன்,
பெட்டி பெட்டியாய் நின்றது.
சரியென்று ஆங்கில எழுத்தில் ‘வேலை’.
அடுத்திருந்த ஜெயரூபனின் விண்டோஸுக்கு
வரிக்கு வரி முன்னால் # அடித்தேன்.
அதை நான் வேலி என்பேன்.

பாதி வாடகை அவன். இந்தக் கணினியிலும் பாதி.
ஆவணியில் கல்கரிக்குப் போனான்,
எண்ணூறு டொலர் கடனும்
இடதுகால் பனிச்சப்பாத்து ஒன்றும்
வட்டின் மூன்றாம் பகுதியும் விட்டுவிட்டு.

வேலிக்குப் பிறகு திரையில் அவன் இல்லை.
மூன்று மாதம் எனக்கு அது போதுமாயிருந்தது.

பூட் என்று முதலில் கேட்டபோது
பூட்டு என்றுதான் நினைத்தேன்.
இல்லையாம், திறப்பாம்.
அரை நொடியில் யார் யாரை எழுப்புவது என்று
சொல்லிவிட்டு ஒதுங்கிப் போகிற ஒன்றாம்.

மாசி. சைபருக்குக் கீழே முப்பத்தொன்று.
நான் உறங்க, புது கேர்னல் வந்திறங்கியது.
மணிக்கணக்காய் நான் வெட்டித் திறந்த வாசலை
பனிவண்டி ஒரே இழுவையில் மூடிவிட்டுப் போகுமே,
அப்படி
கோப்பு முழுவதும் புதிதாய் எழுதியிருந்தது.
என் வரி இல்லை.
வேலி இல்லை.
ஒன்று, இரண்டு, மூன்றாவதாக அவன்.

மூன்றாவதைத் திற என்று
வேறொரு கோப்பில் எழுதி வைத்தவள் நான்தான்.
சைபரில் எண்ணத் தொடங்குவார்கள் என்பதால்
2 என்று, வெகு கவனமாக.

தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தால்
நீலத் திரை. முகமில்லாத வட்டம்.
ஜெயரூபன்.
கடவுச்சொல்?

எனக்குத் தெரியும்.
அதுதான் சிக்கல்.

பவர் பொத்தானை அமுக்கிப் பிடித்தேன்,
மூச்சையும்.

பிறகு லினக்ஸுக்குள் போய்
அந்தக் கட்டளையை நானே ஓட்டினேன்,
என்னதான் செய்கிறது பார்ப்போமென்று.
சொல்லிச் சொல்லிப் போனது:
கேர்னலைக் கண்டேன்.
பழைய கேர்னலைக் கண்டேன்.
மூன்றாம் பகுதியில் விண்டோஸைக் கண்டேன்.

அதற்குக் கோபமில்லை.
குடிசனக் கணக்கெடுக்க வந்த பெண்ணைப்போல
கதவு கதவாய்த் தட்டுகிறது,
ஆள் இருந்தால் எழுதுகிறது.
அவள் கேட்டபோது ‘ஒருவர்’ என்றேன் நான்,
வாசலில் கிடந்த சப்பாத்தை
காலால் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே.
இது என்னைக் கேட்கவில்லை.
வட்டைக் கேட்டது.

கைக்கென்றும் ஓர் இடம் வைத்திருக்கிறார்கள்.
நாற்பது என்று எண்ணிட்ட சின்னக் கோப்பு.
அதில் எழுதியதைத் திருத்தாது,
எழுத்துப்பிழையோடு அப்படியே ஏந்திக்கொள்ளும்.
என் வரியை அங்கே குடியேற்றினேன்.
முன்னுக்கு வரட்டுமென்று நாற்பதை ஆறாக்கினேன்.
இனி எண் சொல்லி அல்ல,
பெயர் சொல்லித் திற என்றேன்.

மற்றவர்களைத் தேடாதே என்று சொல்லவும்
ஒரு வரி உண்டு.
பாதி தட்டினேன்.
அழித்தேன்.

பத்துமணிக்கு மேல் ஒரு பேர்சியன் பணிஸ்,
இளஞ்சிவப்புச் சீனி விரலெல்லாம் ஒட்ட,
கல்கரிக்கு ஒரு செய்தி:
எண்பது ஜிகாபைட் உன்னுடையது கிடக்கிறது.
எண்ணூறு டொலர் என்னுடையது கிடக்கிறது.
வெள்ளிக்குள் சொல்.

பார்த்துவிட்டான். இரண்டு நீலக் கோடு.
பதில் இல்லை.

துறைமுகப் பக்கம் தானிய ரயில்
பெட்டி பெட்டியாய் இடித்துக்கொண்டு நகர,
இன்னொருமுறை ஓட்டினேன்.
கண்டேன், கண்டேன், கண்டேன்,
முடிந்தது, என்றது.

அதற்கென்ன.