பன்னிரண்டு பேர் அமர, நான்கு பேர் படுக்க

ஆர்.சி. புத்தகத்தில் இருக்கை பன்னிரண்டு,
ஓட்டுநர் நீங்கலாக.
ஒன்று குறைந்தாலும் எஃப்.சி. கிடைக்காது என்றார்
ஊட்டி ஏஜென்ட்,
தேநீரிலிருந்து தலை நிமிராமல்.

சரி, குறைக்கவில்லை.
வெள்ளி மாலை கழற்றுவோம்
ஞாயிறு இரவு மாட்டுவோம்.
திங்கள் ஏழே காலுக்குக்
கட்டபெட்டு நிறுத்தத்தில் பிள்ளைகள் நிற்பார்கள்.
பத்து மணிக்கு மேல்
கேரட் கழுவப் போகிறவர்கள், ஈர பூட்ஸோடு.
எல்லோருக்கும் நான் டிரைவர் அக்கா.
வேன் அவர்களுக்கு வேன்தான்.

யோகேந்திரன் டீ ஃபேக்டரி ஃபிட்டர்.
டேப்பை இழுத்து
உள்ளே ஆறடி ஓர் அங்குலம், எனக்குத் தாராளம் என்றார்.
தூக்கத்தில் நீங்கள் கால் நீட்டும் அழகை
நான்தானே பார்க்கிறேன் என்றேன்.
மறுபடி அளந்தார், மூலைக்கு மூலை.

பிளைவுட் மூன்று துண்டு
கீல் ஆறு
மடக்குக் கால் நான்கு, சலாவுதீன் வெல்டிங்,
பாதிப் பணம் கொடுத்தாயிற்று
மீதி தீபாவளி போனஸில்.
ஜன்னலுக்குப் பழைய சீருடைத் துணி:
இரண்டு நீலம், ஒன்று கட்டம் போட்டது.

எட்டுச் சீட்டைக் கழற்றினால் போதும்.
பதினேழாம் நம்பர் ஸ்பானரில்
ஒரு சீட்டுக்கு நான்கு போல்ட்.
எல்லாம் பிஸ்கட் டப்பாவில்.
மழைக்கு எங்கே வைப்பது?
கூடத்தில் வைத்தோம்,
நாலு நாலாய் இரண்டு வரிசை, டிவியைப் பார்த்து.
நிலானி நடுவில் நின்று
ரைட், ரைட் என்றாள்.
எங்கள் வீடு அப்படியே கிளம்பிவிடும் போலிருந்தது.

கோடநாடு சாலையில் ஓரங்கட்டிக்
கைபிரேக்கை இழுப்பதற்குள்
வாட்சரின் டார்ச்.
இங்கே தங்கக் கூடாதும்மா, காட்டெருமை வரும்.
நியாயம்.
கீழ்க்கோத்தகிரியில் தெரிந்தவர் தோட்டம், கேட் பூட்டு,
அவர் போன் எடுக்கவில்லை.
அப்புறம் மூடுபனி.
நிலானி இறங்கி
வெள்ளைக் கோட்டில் முன்னால் நடக்க
அவள் ஸ்வெட்டரைப் பார்த்தே ஓட்டினேன் அரை கிலோமீட்டர்.

பத்தரை மணிக்கு
எங்கள் வாசலில் நின்றது வேன்.
இறங்கலாமா என்றேன்.
யாரும் அசையவில்லை.
கதவிலிருந்து பதினேழு அடி.
பலகையை விரித்தோம்,
வெளியே, மதில் ஓரம், அடுப்பு வைத்து
முட்டை பொரித்தோம்.
எதிர்வீட்டு லிங்கன் ஜன்னலைத் திறந்து பார்த்தார்,
கேட்கவா வேண்டாமா என்று யோசித்தார்,
மூடிவிட்டார்.

கண்ணாடியெல்லாம் எங்கள் மூச்சு,
நான்கும் கலந்து வழிந்தது.
மழை தகரத்தில் விழும் சத்தம்
வீட்டில் கேட்கும் அதே மழைதான்,
ஆனால் நெற்றிக்கு இரண்டடி மேலே.
யோகேந்திரனின் பாதம்
கதவில் முட்டிக்கொண்டு நின்றது.
நான் எதுவும் சொல்லவில்லை.

இரண்டு மணிக்குக் கபிலேஷுக்கு ஒன்றுக்கு வந்தது.
வீட்டுச் சாவியைக் கொடுத்தேன்.
போன வேகத்தில் ஓடிவந்தான்,
செருப்பில்லை.
அம்மா, உள்ள யாரோ
வரிசையா உக்காந்திருக்காங்க.

சிரித்தோம்.
பிறகு வெகுநேரம்
நானும் தூங்கவில்லை.
ஆளில்லாமல் எட்டு இருக்கை, இருட்டில்,
என் வீட்டுக்குள்,
ஏழே காலுக்குக் காத்துக்கொண்டு.

ஞாயிறு மாட்டினோம்.
ஒவ்வொன்றையும் பிடித்து உலுக்கினேன்,
இரண்டு முறை. அசையவில்லை.
முப்பத்திரண்டு துளை, முப்பத்திரண்டு போல்ட்.
டப்பாவில் முப்பத்துமூன்றாவது.
ஃபிட்டருக்கும் தெரியவில்லை அது எங்கிருந்து வந்ததென்று.
அடியில் படுத்து
டார்ச் அடித்துத் தேடினார்.
எங்கும் குறைவில்லை.

அக்கா, வேன்ல முட்டை வாசம் என்றாள் பூர்விகா,
மூன்றாம் வகுப்பு.
அப்படியா என்றேன்.
அவள் சீட்டுக்கடியில் குனிந்து
ஒற்றைக் காலுறை எடுத்தாள், கபிலேஷுடையது,
இரண்டு விரலில் தூக்கி எல்லோருக்கும் காட்டினாள்.

கொண்டைஊசி வந்தது.
பிள்ளைகள் இடப்பக்கம் சாய்ந்தார்கள்.
டேஷ்போர்டில் அந்த போல்ட்
அவர்களோடு சேர்ந்து உருண்டு போய்
முட்டி நின்றது.
அடுத்த வளைவுக்குத்
திரும்பி வரும்.