நான்காவது மணி

ஓரிகனில் மழை.
மார்லிஸ் வறுத்த ஹேசல் கொட்டைகளைத்
துண்டில் கொட்டித் தேய்க்கிறாள்.
தோல் பறந்து அடுப்படியெங்கும் ஒட்டுகிறது.

கல் சுற்றத் தொடங்குகிறது.
முதலில் மாவு. பிறகு பிடிவாதமான களி,
சுவரேறி ஒட்டிக்கொண்டு கீழே வர மறுக்கிறது.
கரண்டியால் வழித்து வழித்து விடுகிறாள்.
தண்ணீர் ஒரு சொட்டும் கூடாது, இறுகிவிடும்.
எண்ணெயும் வேண்டாம்.
கல்லின் சூட்டில் அதுவே கசியும்.

முன்னறையில் ஆரின்.
மரக்கிடங்கில் சங்கிலி தெறித்துத்
தாடை உடைந்து பதினோரு நாள்.
மேல்பல்லும் கீழ்ப்பல்லும் கம்பியால் கட்டிய வாய்.
போன குளிர்காலத்தில்
இதே கொட்டைகளை ஓட்டோடு
கடைவாயில் வைத்து உடைத்தவன்.
நேற்று ஒரு குறுணை கம்பியில் சிக்கிக்கொண்டது.
விடியும்வரை நாக்கால் துழாவிக்கொண்டே கிடந்தான்.

இரண்டு மணி நேரம்:
விரலுக்கு வழவழப்பு, நாக்குக்கு மணல்.
மூன்று: நாக்கு யோசிக்கிறது.
நான்காவதில்
கரண்டியிலிருந்து அறுபடாமல் இறங்குகிறது.
கல்லை நிறுத்துகிறாள்.
வீடு திடீரென்று பெரிதாகிறது.
மழை இன்னும் பெய்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

வெதுவெதுப்பான பாலில் கரைத்து
உறிஞ்சுகுழலோடு நீட்டுகிறாள்.
உறிஞ்சுகிறான். கண்ணை மூடுகிறான்.
மின்கட்டண ரசீதைத் திருப்பிப் போட்டு
எழுதுகிறான்:
உப்பு போட மறந்துட்டே.