நானுஓயாவில் இல்லாத கார்

தாளை நீட்டுகிறார் சகாயநாதன்.
மன்னார்க்காரர்; மழைக்கோட்டு கொண்டுவராதவர்.
'உறுதிசெய்யப்பட்டது' என்று பச்சையில் இருக்கிறது.
என் கொப்பியில் அவர் பெயர் இல்லை.

படத்தில் சிவப்புக் கார்,
பின்னால் கடல்.
இதுதான் என் கார் என்கிறார்.
ஐயா, இங்கே கடல் வருவது
அம்பேவெலைப் பக்கம் பனி இறங்கும் காலையில் மட்டும்.

காசு போன கிழமையே போய்விட்டதாம்.
எனக்கு வரவில்லை.
நடுவில் எந்த வளைவில் நிற்கிறதோ.

விமான இலக்கம் இல்லாமல்
படிவம் நகரவில்லையாம்.
ரயில் இலக்கத்தை எழுதியிருக்கிறார்.

தொலைபேசியில் அரைமணி நேரம் இசை.
பிறகு ஒரு பெண்குரல்:
எந்த டெர்மினல், சார்?
அவர் சுற்றிப் பார்க்கிறார்.
ஈர மேடை. உருளைக்கிழங்கு மூட்டைகள்.
மூட்டைமேல் ஒரு நாய்.

ரத்துச் செய்தால் பாதிதான் திரும்பும்,
அதுவும் இருபத்தொரு நாளில்.
காப்புறுதியில் கண்ணாடி இல்லை, டயர் இல்லை,
மலைப்பாதையே இல்லை:
கடைசிப் பக்கத்தில், எறும்பெழுத்தில்.

பதினொரு மணிக்கு வெலிமடையில்
தங்கச்சியின் பதிவுத் திருமணம்.
சாட்சி இவர்.
மணி ஒன்பதே கால்.

என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரு வெள்ளை வான்.
பின்கதவு உள்ளேயிருந்து திறக்காது;
சொல்லிவிட்டுத்தான் தருகிறேன்.
முற்பணம் கேட்டேன். கேட்கத்தானே வேண்டும்.
சிரித்தார், முதல் தடவையாக.
"திரும்பவுமா, பிள்ளை?"

சாவியை எடுத்த பிறகும் போகவில்லை.
மேசைமேல் குனிந்து நின்றார்,
நான் அவர் பெயரைப் பேனாவால்
எழுதி முடிக்கும் வரை.